கல் தங்கும், களி போகும்

அரிசியில் கல் அரித்துப் பழகிய கைக்கு ஆற்றைப் புரிந்துகொள்வது எளிது. இரண்டு பாத்திரம் வேண்டும். ஒன்றில் அரிசியைப் போட்டு, நன்றாக மூழ்கும்படி தண்ணீர் விட்டு, ஒரு பக்கமாகச் சாய்த்து மெதுவாக ஆட்ட வேண்டும். ஒவ்வோர் ஆட்டலுக்கும் கொஞ்சம் அரிசி தண்ணீரோடு வழிந்து அடுத்த பாத்திரத்தில் விழும். கல் அடியிலேயே நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஓரத்தில் ஒதுங்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் இதற்கென்றே அரிக்கன்சட்டி இருந்தது. அதன் உள்பக்கம் வரிவரியாக இருக்கும். கல் அந்த வரிகளில் சிக்கிக்கொள்ளும். அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கென்று வாளியில் ஊற்றி வைத்தால் நெடுநேரம் வெள்ளையாகக் கலங்கிக் கிடக்கும். விடிந்து பார்த்தால் மேலே தெளிந்த நீர் இருக்கும், அடியில் வழவழப்பான மாவு படிந்திருக்கும்.

கல், அரிசி, மாவு மூன்றையும் பிரித்தது தண்ணீர்தான். கை செய்ததெல்லாம் சாய்வையும் வேகத்தையும் பார்த்துக்கொண்டது மட்டும். ஆறும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் பாத்திரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம். கூழாங்கல்லும் மணலும் வழியில் தங்க, வண்டல் அவற்றைத் தாண்டிப் போகிறது. களி எல்லாவற்றையும் தாண்டிக் கடல் வரைக்கும் போகிறது. எது எங்கே தங்கியது என்பதைப் பொறுத்துத்தான் ஓர் ஊரில் வாழையும் இன்னோர் ஊரில் நெல்லும் விளைகின்றன.

ஏற்காடு வட்டத்து வாழவந்தியில் நின்றுகொண்டு வண்டலைப் பற்றிப் பேசுவது விசித்திரமாகத் தோன்றலாம். சேர்வராயன் மலையின் மேல் இருக்கும் ஊர் அது. செம்மண் சரிவு, காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் ராகியும் விதைத்த நிலங்கள் என்றுதான் இந்த மலை கண்ணுக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் போல் கண்ணுக்கெட்டிய தூரம் சமமாகப் படிந்த வண்டல் வயல் இங்கே கிடையாது. ஆனால் படிவதெல்லாம் முதலில் எங்கிருந்தோ புறப்பட்டிருக்க வேண்டும். சமவெளியின் வண்டல் புறப்படும் இடங்களில் இந்த மலையும் ஒன்று. அதனால் இங்கிருந்தே தொடங்குவோம்.

பாறை எப்படி மண்ணாகிறது

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கரும்பாறையால் ஆனது. சென்னையில் பல்லாவரம் குன்றிலும் பரங்கிமலையிலும் இருப்பது இதே பாறைதான். வயது சுமார் 250 கோடி ஆண்டு. சுத்தியலால் அடித்தால் பொறி பறக்கும் இந்தப் பாறையை மழைத்தண்ணீர் உடைக்கிறது என்றால் நம்புவது கடினம். ஆனால் மழைத்தண்ணீர் வெறும் தண்ணீராக மண்ணுக்குள் இறங்குவதில்லை. வேர்கள் விடும் மூச்சிலிருந்தும் இலைதழை மக்குவதிலிருந்தும் வரும் கரியமில வாயு அதில் கரைகிறது. தண்ணீர் மிக மெல்லிய அமிலமாகிறது. ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மி.மீ. மழை. அந்த மெல்லிய அமிலம் ஓயாமல் பாறையின் வெடிப்புகளில் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

பாறைக்குள் இருக்கும் கனிமங்கள் எல்லாம் இந்த அமிலத்துக்கு ஒரே மாதிரி இடம் கொடுப்பதில்லை. குவார்ட்ஸ் அசைந்து கொடுக்காது; சுற்றி இருப்பவை கரைந்து போக, அது மட்டும் தனித்தனிக் குருணையாக உதிர்ந்து மணலாகிறது. ஃபெல்ட்ஸ்பார் தன்னிடமுள்ள பொட்டாசியம், கால்சியம், சோடியத்தை விட்டுவிட்டுக் களிமண்ணாக மாறுகிறது. ஹைப்பர்ஸ்தீன் என்னும் இருண்ட கனிமத்திலிருந்து மக்னீசியம் கரைந்து வெளியேறுகிறது. அதிலுள்ள இரும்பு துருவேறி அங்கேயே தங்குகிறது. வாழவந்திச் சரிவின் செந்நிறம் அந்தத் துரு.

மலையின் மிக உயரமான மேட்டு நிலங்களில் இந்தக் கழுவல் எல்லை மீறிப் போயிருக்கிறது. அங்கே நிலம் ஓரளவு தட்டை. தண்ணீர் ஓடிவிடாமல் நின்று, நெடுங்காலம் கீழே இறங்கி இறங்கி, சுண்ணாம்பு, சாம்பல்சத்து மட்டுமல்லாமல் சிலிக்காவையும் கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அலுமினியமும் இரும்பும், அதாவது பாக்சைட். மேட்டூரில் இயங்கிய மால்கோ அலுமினியத் தொழிற்சாலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் தோண்டி எடுத்துப் போனது இதைத்தான். பயிருக்கு வேண்டியவை எல்லாம் கழுவப்பட்டு வெளியேறியபின் எஞ்சும் மண் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மலை இழந்தது தொலைந்து போகவில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீரோடு கீழே இறங்கியது.

சரிவில் தொடங்கும் பயணம்

மண்ணை இடத்தை விட்டுக் கிளப்புவது மழைத்துளி. பெரிய துளி ஒன்று நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் அதன் அடி மண்கட்டியை உடைத்துத் துகள்களைச் சிதறடிக்கிறது. களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பவை. ஓடும் தண்ணீர் மட்டும் அவற்றை எளிதில் பிரித்துவிட முடியாது. துளியின் அடிதான் பிரிக்கிறது. பிரிந்துவிட்டால் பிறகு அவற்றைப் பிடிப்பது கடினம்.

மரம் இருந்தால் போதும், மண் தப்பிவிடும் என்று நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. உயரமான மரத்தின் இலைகளிலிருந்து சொட்டும் நீர் ஒன்றுசேர்ந்து பெருந்துளியாகி, எட்டுப் பத்து மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய முழு வேகத்தைப் பிடித்துவிடுகிறது. மண்ணை உண்மையில் காப்பது தரையில் கிடக்கும் சருகு. நிழல் மரங்களுக்கு அடியில் காப்பி வளர்க்கும் பழைய முறையில் தரை முழுவதும் இலை மூடிக் கிடக்கும். துளி இலையில் விழுந்து வேகம் இழந்து மெல்ல மண்ணில் இறங்கும். சருகைக் கூட்டி எரித்துத் தரையைச் சுத்தமாக வைக்கும் தோட்டத்தில் மரம் எத்தனை இருந்தாலும் மண் போகும். ஒரு சென்டிமீட்டர் மண் பாறையிலிருந்து உருவாக நூற்றாண்டுக் கணக்கில் ஆகும். அதை இழக்கச் சில மழைக்காலங்கள் போதும்.

சரிவுக்குக் குறுக்கே கட்டும் கல் வரப்பு, அரிக்கன்சட்டியின் உள்வரி செய்யும் வேலையையே செய்கிறது. தண்ணீர் ஒவ்வொரு வரப்பிலும் நொடிப்பொழுது தயங்குகிறது. தயங்கும்போது கனமானது விழுகிறது. வரப்புக்கு மேல்பக்கம் ஆண்டுக்கு ஆண்டு மண் ஏறி, சரிவு கொஞ்சம் கொஞ்சமாகப் படியாக மாறுகிறது. மலையில் ஓடையை ஒட்டிய பள்ளங்களிலும் இப்படித்தான். சுற்றுச் சரிவிலிருந்து வந்த மண் அங்கே ஆழமாக, கருமையாக, ஈரமாகச் சேர்கிறது. வாழவந்தி போன்ற மலையூருக்கு வண்டல் என்று சொல்ல ஏதாவது இருக்குமானால், அது இந்தப் பள்ளத்து மண்தான்.

மிச்சம் ஓடையில் இறங்கிவிடுகிறது. சேர்வராயன் மலையின் தண்ணீர் ஒரே பக்கம் போவதில்லை. சரபங்கா நதி ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகிறது. திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து நன்செய் இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. வாணியாறு எதிர்ப்பக்கம் தருமபுரி மாவட்டத்தில் இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் தேங்கி, தென்பெண்ணைக்குப் போகிறது. ஒரே மேட்டில் பெய்த மழை, ஒரு கை அகல வித்தியாசத்தில், கடலூர்க் கரைக்கோ காவிரிப் படுகைக்கோ போய்ச் சேரும்.

எது எங்கே விழுகிறது

அரிசிப் பாத்திரத்துக்கும் ஆற்றுக்கும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அரிசியைவிடக் கல் அடர்த்தி மிக்கது, அதனால் பின்தங்குகிறது. ஆற்றில் வரும் துகள்களின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான். பருமன் மட்டும் வேறு. பருமன் வேறுபட்டால் போதும், மூழ்கும் வேகம் பயங்கரமாக வேறுபடும். துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அது மூழ்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். 0.1 மி.மீ. மணல், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 2 நிமிடம் எடுக்கும். 0.01 மி.மீ. வண்டல் துகளுக்குச் சுமார் 3 மணி நேரம் ஆகும். 0.001 மி.மீ. களித்துகளுக்கு ஏறக்குறைய 13 நாள்.

இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆற்றங்கரையில் பார்ப்பது எல்லாம் விளங்கும். மலையடிவாரத்தில் ஓடையின் சாய்வு திடீரென்று குறைகிறது. உருண்டு வந்த கல்லும் பருமணலும் அங்கேயே விசிறியாகப் பரந்து விழுகின்றன. அடிவாரத்துத் தோட்டங்களில் கிணறு வெட்டினால் சரளை கலந்த மண் வருவதற்குக் காரணம் இது. தண்ணீர் உடனே உள்ளே இறங்கிவிடும் மண். மாமரத்துக்கும் தென்னைக்கும் நல்லது, நெல்லுக்கு ஆகாது. சமவெளியில் ஆறு நிதானமாக நடக்கும்போது மணல் அடியில் தவழ்கிறது, வண்டலும் களியும் தண்ணீரில் மிதந்து வருகின்றன. ஆறு வளையும் இடத்தில் உள்வளைவில் வேகம் குறைவு. அங்கே மணல் திட்டு வளர்கிறது. வெளிவளைவில் கரை அரிக்கப்படுகிறது.

சமவெளி வேளாண்மையைத் தீர்மானிக்கும் காட்சி வெள்ளத்தின்போது நடக்கிறது. ஆறு கரை புரளும் கணத்தை யோசியுங்கள். ஆழமாக, வேகமாக வந்த தண்ணீர் கரையைத் தாண்டியதும் ஆழம் இழக்கிறது, வேகமும் இழக்கிறது. கரையை ஒட்டியே பெருந்துகள் விழுகிறது. இன்னும் உள்ளே போகும் தண்ணீரில் நுண்துகள் மட்டுமே மிச்சம். தாழ்வான இடத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்க, களி மெதுவாக இறங்குகிறது. வெள்ளம் ஒவ்வொன்றும் இதையே திரும்பச் செய்வதால், கரையோரம் மணல் கலந்த வண்டல் மேடாகவும், உள்ளே களிநிலம் பள்ளமாகவும் ஆகின்றன.

அந்தக் கரையோர மேடுதான் படுகை. தண்ணீர் நிற்காது, ஆனால் வேருக்கு எட்டும் ஆழத்தில் ஈரம் இருக்கும், மண் மிருதுவானது. பரமத்தி வேலூர், பாண்டமங்கலம், மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழிக்க இது ஒரு முக்கியக் காரணம். வெற்றிலைக்கு நாள்தோறும் ஈரம் வேண்டும், ஒரு நாள்கூட வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. படுகை மண் இரண்டையும் சேர்த்துத் தருகிறது. ஆற்றை விட்டு உள்ளே போனால் நெல் தொடங்கும்.

காவிரிக் கடைசியில்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கல்லணைக்குக் கீழே கிளைகள் பெருகுகின்றன: வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு. கடலை நெருங்க நெருங்கச் சாய்வு மிகமிகக் குறைகிறது. பனியுகம் முடிந்து ஏறிக்கொண்டே வந்த கடல்மட்டம் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய நிலைகொண்டது. உலகின் பெரிய டெல்டாக்கள் பலவும் அதற்குப் பிறகு வளர்ந்தவைதான். கடல் உப்பு பட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகின்றன. பதின்மூன்று நாள் ஆகவேண்டியது சில மணி நேரத்தில் விழுந்துவிடுகிறது. டெல்டா கடலுக்குள் நீள்வது இப்படித்தான்.

இந்த மண் முழுவதும் சேர்வராயன் மலையிலிருந்து போனதல்ல. குடகு, நீலகிரி, மைசூர்ப் பீடபூமி, கொல்லிமலை, இடைப்பட்ட சமவெளி எல்லாம் பங்கு கொடுத்திருக்கின்றன. காவிரியின் வடிநிலம் 81,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் ஏற்காட்டின் பங்கு சிறியது. ஆனால் மண் வரும் முறை எங்கும் ஒன்றே.

டெல்டாவில் ஆறுகள் நிலத்தைவிடச் சற்று உயரத்தில் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். கரையோரம் வண்டல் போட்டுப் போட்டு ஆறு தன்னையே உயர்த்திக்கொண்டது. இதனால் கிடைத்த நன்மைக்கு விலையே சொல்ல முடியாது. ஒரு மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். ஏற்றமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். மண்ணைக் கொடுத்த அதே செயல் பாசனத்துக்கான சரிவையும் அமைத்துக் கொடுத்துவிட்டது. கரிகாலன் பெயரோடு சேர்ந்த கல்லணையிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கால்வாய் வெட்டியவர்கள் இந்தச் சரிவைப் புரிந்துகொண்டே வெட்டினார்கள்.

ஆனால் தன்னை உயர்த்திக்கொள்ளும் ஆறு ஒருநாள் தன் வழியையே அடைத்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. காவிரியில் மணல் மேடேறியது. முக்கொம்பில் பிரியும் நேரான, சரிவான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டு போனது. தஞ்சாவூருக்குத் தண்ணீர் குறைந்தது. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830களில் செய்தது இரண்டு காரியம். கல்லணையில் அடிமட்டத்தில் மணல்போக்கி மதகுகள் வைத்தார். 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கினார். மணல் அடியில் தவழ்ந்து வருவதால், அதை வெளியேற்றும் மதகும் அடியில் இருக்க வேண்டும். கல் பாத்திரத்தின் அடியில் ஒதுங்குவதைத் தெரிந்த எவருக்கும் இது புரியும்.

சரி, களி இவ்வளவு தூரம் வந்து சேர்ந்ததால் பயிருக்கு என்ன லாபம்? துகளின் பரப்பில் இருக்கிறது விடை. 0.1 மி.மீ. மணல் ஒரு கிராம் எடுத்தால் குருணைகளின் மொத்தப் பரப்பு சுமார் 0.02 சதுர மீட்டர். டெல்டாவின் கருங்களியில் மிகுதியாக உள்ள, நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் வகைக் களியில், ஒரு கிராமுக்கு 700 சதுர மீட்டர் வரை இருக்கும். அந்தப் பரப்பு முழுவதும் எதிர்மின்னூட்டம் கொண்டது. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், அம்மோனியம் எல்லாம் நேர்மின்னூட்டம் உள்ளவை. களியில் ஒட்டிக்கொண்டு, மழையில் கழுவப்படாமல், வேர் கேட்கும்போது விடுபடுகின்றன. மலையில் பாறையை விட்டுக் கரைந்து போன சத்துகளில் ஒரு பகுதி இங்கே பிடிபடுகிறது. மணலில் இட்ட உரம் அடுத்த மழையில் கீழே போகும். களியில் இட்டது தங்கும்.

நெல்லுக்கு வேறொரு வசதியும் உண்டு. தண்ணீர் கட்டிச் சேற்றுழவு செய்யும்போது களிக்கட்டிகள் உடைந்து, நுண்துகள் மண்ணின் துவாரங்களை அடைக்கின்றன. வயலில் தண்ணீர் நிற்கிறது. நின்ற தண்ணீருக்கடியில் காற்று இல்லாததால் இரும்பு நிலைமாறிக் கரைகிறது. அதோடு பிணைந்திருந்த மணிச்சத்தும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. மண்ணின் புளிப்போ உவர்ப்போ நடுநிலையை நோக்கி நகர்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் பல இந்த மண்ணை வைத்தே உருவானவை.

களி தண்ணீரைப் பிடித்துவைக்கும் திறனுக்கு எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி நெல் தரிசு உளுந்து. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்கு நடுவே உளுந்தையும் பயறையும் தூவிவிடுகிறார்கள். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. நெல் அறுத்தபின், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து காய்த்துவிடும். மணற்பாங்கான நிலத்தில் இது நடக்காது. ஒரு போகம் முழுவதையும் களி தன் ஈரத்தாலேயே நடத்திக் கொடுக்கிறது.

தண்ணீர் மட்டும் வந்தால் டெல்டா ஆகிவிடாது என்பதற்கும் அருகிலேயே சான்று இருக்கிறது. மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு அதே காவிரித் தண்ணீரைக் கொண்டு போனது. அங்கே மண் பெரும்பாலும் செம்பொறை, மணற்பாங்கு. தண்ணீர் வந்தது, ஆயிரம் ஆண்டு வெள்ளங்கள் கொட்டிய களி வரவில்லை. தென்னையும் கடலையும் அங்கே நன்றாக வருகின்றன. நெல்லுக்கு மட்டும் தண்ணீர் அதிகம் பிடிக்கிறது.

வண்டல் எல்லாவற்றையும் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாறையில் தழைச்சத்து கிடையாது. எனவே பாறையிலிருந்து வந்த மண்ணிலும் அது தானாக இருக்காது. கொழுஞ்சி, தக்கைப்பூண்டு, அசோலா, பயறு வகை வழியாகக் காற்றிலிருந்து வர வேண்டும், அல்லது யூரியா மூட்டையிலிருந்து. எப்போதும் நீர் நிற்கும் களிவயலில் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் போகும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்வது அதனால்தான்.

இப்போது எங்கே தங்குகிறது

மேட்டூர் அணை ஒரு பெரிய வாளி. ஆறு அதற்குள் வந்து நின்றுவிடுகிறது. நின்ற தண்ணீரில் மணல், வண்டல், களியின் பெரும்பகுதி எல்லாம் இறங்கிவிடுகின்றன. ஜூன் 12இல் திறந்துவிடும் தண்ணீர், அணைக்கு முந்தைய ஆடிப்பெருக்கின் செந்நீர் அல்ல. 1934 முதல் மேல்காவிரியின் வண்டல் டெல்டாவுக்கு முன்போலப் போகவில்லை. 2017இல் அணையின் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்தபோது வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிப்போக அரசு அனுமதித்தது. அள்ளிய மண் அத்தனையும் முன்காலத்தில் டெல்டாவை நோக்கிப் போயிருக்க வேண்டியது.

சரபங்காவும் திருமணிமுத்தாறும் மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேர்பவை. சேர்வராயன் மலையின் மண்ணுக்கு அந்தப் பெரிய அணையில் சிக்காத வழி இன்னும் இருக்கிறது. ஆனால் திருமணிமுத்தாற்றைச் சேலத்தில் பார்த்தவர்களுக்கு அது எதைச் சுமந்து வருகிறது என்று தெரியும். சாக்கடையும் சாயக்கழிவும் அதில் கலக்கின்றன. களி பொட்டாசியத்தைப் பிடிக்கும் அதே மின்னூட்டத்தால் கழிவில் வரும் கன உலோகங்களையும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளிந்தாலும், படிந்த களி விஷத்தை வைத்திருக்கும். ஆற்றைக் கெடுப்பதால் கெடுவது அந்த ஆண்டின் தண்ணீர் மட்டும் அல்ல, வருங்கால வயலும்தான். இதை அந்தந்த ஊரின் சுகாதாரப் பிரச்சினையாக மட்டும் நடத்துவது தவறு. கீழே உள்ள ஒவ்வொரு விவசாயியின் சொத்துப் பிரச்சினை இது.

வண்டல் இன்று அதிகமாகத் தங்குவது நம் ஏரி, குளங்களில். சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு ஏற்காட்டு மலையின் ஓடைத் தண்ணீர்தான் வருகிறது. 2010 வாக்கில் ஊர்மக்கள் முயன்று தூர்வாரியபோது, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். நல்ல காரியம். விளைநிலம் பக்கத்தில் இருக்கும் ஏரிகளில் அந்த மண் வயலுக்கே போகலாம். நம் தாத்தாக்கள் கோடையில் வண்டி கட்டிக்கொண்டு கரம்பை அடித்தது இதைத்தான். மணற்பாங்கான, செம்மண் நிலத்துக்குக் கரம்பை ஈரப்பிடிப்பையும் சத்துப் பிடிப்பையும் கொடுக்கும்; ஏரிக்கும் கொள்ளளவு திரும்பும். களி ஏற்கெனவே மிகுந்த வயலுக்கு அது தேவையில்லை. அங்கே தொழுவுரமும் பசுந்தாளுரமும் போடுங்கள்.

உங்கள் நிலத்துக்கு எது வேண்டும் என்று அறிய ஆய்வகத்துக்குப் போகும் முன் ஒன்று செய்யலாம். நேரான கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் விழுந்த மட்டம் மணல். அதைப் புட்டியில் கோடிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன்மேல் விழுவது வண்டல். பிறகு ஓரிரு நாள் கழித்தும் படிந்துகொண்டிருப்பது களி. மணல் அடுக்கு பாதிக்கு மேல் இருந்தால், ஏரி வண்டலுக்கு வட்டாட்சியர் அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். விவசாயிக்கு அதை இலவசமாக எடுக்க அரசு விதி இருக்கிறது. சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் ஏரியின் மண்ணை மட்டும் சோதிக்காமல் வயலில் கொட்டாதீர்கள். மலைச்சரிவில் நிலம் வைத்திருப்பவர்கள் இந்த மழைக்கு முன்னால் சரிந்த கல் வரப்பை எடுத்துக் கட்டுங்கள், காப்பிக்கடியில் கிடக்கும் சருகை எரிக்காதீர்கள்.